துணுக்குக்குப் பின்னால் இருப்பவர்கள்

வடமொழிக் கவி ஒருவரின் பெயரில் 1931 அக்டோபர் 31 அன்று ஒரு படம் வெளியானது. அதில் நாயகி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். படத்தின் பெயர் என்ன?

விடை ‘காளிதாஸ்’. தெரியாதவர்கூட தமிழின் முதல் பேசும்படம் 1931-இல் வந்தது என்ற நினைவையும் ‘வடமொழிக் கவி’ என்ற குறிப்பையும் சேர்த்து யோசித்தால் பிடித்துவிடலாம். நல்ல வினாடி வினாவின் இலக்கணம் அதுதான். காளியின் அருளால் மூடன் கவியான கதையும், தமிழ் சினிமாவின் பிறப்பும், டி.பி. ராஜலட்சுமி என்ற முதல் கதாநாயகியும் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் பழைய விளம்பரம், பத்திரிகை விமர்சனம் போன்றவற்றைக் குப்பைக்குப் போகவிடாமல் காத்தவர்களால் தெரிந்தது. பொது அறிவு என்று நாம் லேசாகச் சொல்லும் துறையின் உண்மையான வரலாறு இந்தச் சேகரிப்பாளர்களின் வரலாறுதான்.

அந்த வரிசையில் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை முன்னால் நிற்கிறார். பெயர்களை அகர வரிசையில் விளக்கும் அவருடைய ‘அபிதான கோசம்’ 1902-இல் வந்தது. சென்னையில் பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் இதே வேலையைத் தனி ஆளாக, இன்னும் பெரிய அளவில் செய்தார். பதிப்பிக்க ஆள் தேடி அலைந்தவருக்குக் கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். அவருடைய மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910-இல் ‘அபிதான சிந்தாமணி’யை வெளியிட்டது. புராண முனிவர், சங்கப் புலவர், சோழ மன்னன், மூலிகை, விரதம் எல்லாம் அதில் அகர வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புராணத்தையும் வரலாற்றையும் முதலியார் வேறுபடுத்தவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் ஒரு பெயரைத் தேடிப் போனவரைப் பத்துப் பெயர்கள் பிடித்து இழுத்துக்கொள்ளும் அந்த அனுபவத்தை வேறெந்தத் தமிழ் நூலும் எனக்குத் தந்ததில்லை. திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1934-இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பெரியசாமித் தூரன் பொறுப்பேற்ற ‘கலைக்களஞ்சியம்’ 1954-இல் வெளிவரத் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது. இது பலர் கூடி இழுத்த தேர். பிறகு தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ இதழ் துணுக்குகளை டீக்கடை பெஞ்சு வரை கொண்டுபோனது. சினிமாவுக்கு பிலிம் நியூஸ் ஆனந்தன். வந்த படம், நடித்தவர், எடுத்தவர் என ஒன்று விடாமல் குறித்துவைத்த அவர், 2004-இல் அதைப் பெரும் நூலாக்கினார். இன்று தமிழ் சினிமா பற்றிச் சொல்லப்படும் பாதித் துணுக்குகளில் அவர் கைபட்டிருக்கும். பெயர் மட்டும் இருக்காது.

கேள்வி கேட்கும் கலையோ நம்மிடம் வேறு பாதையில் போனது. டாக்டர் நவீன் ஜெயக்குமார் சுதந்திர தினத்தன்று நடத்திவந்த லேண்ட்மார்க் க்விஸ் சென்னையின் பெருமை, ஆனால் அதன் மொழி ஆங்கிலம். தமிழில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’, 2012-இல் சூர்யாவின் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று தொலைக்காட்சி வழியே வந்தவை நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லின. யோசித்து விடையை எட்டும் சுகம் அதில் குறைவு. தமிழில் கேள்வி தொடுக்கும் திறமை இன்னும் வளர வேண்டியிருக்கிறது.

கச்சாப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னைக் கொட்டிவாக்கத்திலிருந்து தரமணி பக்கம் போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994-இல் உருவானது. பழைய பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. இந்தப் பக்கம் திருவான்மியூர், வால்மீகி வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊர். அங்குள்ள மருந்தீசுவரரைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா.

இவற்றின் கதையெல்லாம் அச்சேறிவிட்டது; அச்சேறாததும் உண்டு. கொட்டிவாக்கம் குப்பத்தில் வலை பிரிக்கும் பெரியவர்களைக் கேட்டால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி, எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும் என்பதையும் சொல்வார்கள். அதை அகர வரிசைப்படுத்த ஒரு சிங்காரவேலு முதலியார் இப்போதே வேண்டும், அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே.