தாண்டிப் போன பக்கங்கள்

பி.காம். முதல் வருஷத்தில் தி.ஜானகிராமனின் 'மோகமுள்' படித்தேன். படித்தேன் என்பதைவிட, யமுனா வரும் பக்கங்களைத் தேடித் தேடிப் புரட்டினேன் என்பதே சரி. தன்னைவிட மூத்தவளை பாபு அடைவானா, மாட்டானா? எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ரங்கண்ணாவும் சங்கீதமும் வந்தால் ஒரே தாண்டு! கடைசியில் யமுனா அந்தப் பிரசித்தி பெற்ற கேள்வியைக் கேட்டபோது, 'ப்பூ... இவ்வளவுதானா?' என்று மூடி வைத்துவிட்டேன்.

போன மாதம், நாற்பத்தைந்து வயதில், மறுபடி எடுத்தேன். 1950-களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல். ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால், இது வேறு புத்தகம்!

யமுனாவின் வீட்டில் வரும்படி நின்று, வறுமை படியேறுகிற கணக்கை, காமர்ஸ் படித்த நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? அவள் பாபுவைத் தேடி வருவதில் பசிக்கும் பங்கு உண்டு. அது தெரிந்த பிறகு அந்தக் கேள்வி கிண்டலாகக் கேட்கவில்லை, வலித்தது. நான் தாண்டிய சங்கீதப் பக்கங்கள்தான் நாவலின் உயிர். பாபு எதைத் தொலைக்கப் பார்க்கிறான் என்பது அங்கேதான் இருக்கிறது. குறையும் உண்டு. பாபு தனியே உட்கார்ந்து மருகுகிற இடங்கள் அன்றைக்கும் இழுவை, இன்றைக்கும் இழுவை.

இப்போது ப்ளஸ் டூ படிக்கும் மகன் அதே பிரதியை எடுத்திருக்கிறான். "இந்த வயசுல இவனுக்கு இது புரியுமாங்க?" என்கிறாள் மனைவி.

புரியாதுதான். எனக்கும் புரியலையே! ஆனால், அன்று அரைகுறையாகப் படித்ததால்தானே இன்று திரும்பிப் போக வழி தெரிந்தது?

படிக்கட்டும். 'என்ன புரிஞ்சுது?' என்று மட்டும் நான் கேட்கப் போவதில்லை.