‘இரவிற் பாரிஸ்’: ஒரு மதிப்புரை

மாநகரங்களைப் பற்றி வெளிவரும் படநூல்களுட் பெரும்பாலன பகலிற் பிறந்தவை. அரண்மனை, மாதாகோயில், வெற்றி வளைவு, பாலம் எனப் பெயர்பெற்ற இடங்களை வரிசையாக நிறுத்தி, இன்ன அரசன் கட்டினான், உயரம் இத்தனை அடி என்று சொல்லி முடித்துவிடுவன. அவற்றைப் புரட்டியவன் நகரைப் பார்த்தவனாவான். அதில் வாழ்வோரை அறிந்தவனாகான். பகலை முற்றும் ஒதுக்கி, விளக்கேற்றும் வேளை தொடங்கி விடியும் வரையில் மட்டும் ஒரு பழம்பெரு நகரைக் காட்டும் நூலொன்றைப் பற்றி நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். பிராசாய் என்பார் எடுத்த நிழற்படங்கள் 62-ஐக் கொண்டு, பால் மோரான் என்னும் எழுத்தாளரின் முகவுரையோடு, 1932-ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிஸில் வெளிவந்த ‘இரவிற் பாரிஸ்’ என்பதே அது.

இந்நூலுக்குப் புகழ்மாலைகள் குறைவில்லை. ஆயினும் புகழ்வோர் பலரும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுகின்றனர்: இருள் எத்துணை அழகு, மூடுபனி எத்துணை மென்மை என்று. இருளின் அழகைக் காண்பதற்கு நூல் எதற்கு? விளக்கை அணைத்தாற் போதுமே! நாம் கேட்க விரும்புவது வேறு. நகரம் உறங்கியபோது விழித்திருந்தவர் யாவர்? அவர்களை இப்படக்காரர் எவ்வாறு நோக்கினார்?

முதலில் அவரைப் பற்றிச் சில சொற்கள். பிராசாய் என்பது அவருடைய இயற்பெயரன்று. கியூலா ஹலாஸ் என்னும் பெயரோடு 1899-இல் டிரான்சில்வேனியாவிலுள்ள பிராஷோ என்னும் ஊரிற் பிறந்தவர். அவ்வூர்ப் பெயரையே பின்னர்த் தம் பெயராக்கிக் கொண்டார். ஊரைப் பெயரோடு சுமந்து திரியும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. 1924-இற் பாரிஸுக்கு வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். பகலில் உறங்கி இரவெல்லாம் தெருத்தெருவாய் நடப்பது அவர் வழக்கமாயிற்று. ஆக, அந்நகரின் இரவை உலகுக்குக் காட்டியவர் அந்நகரின் மைந்தரல்லர்; பிழைக்க வந்த அந்நியர். பிழைக்க வந்தவன் கண்ணுக்குப் படுவன வேறு என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் சுமந்து சென்றது ஒரு சிறிய ஜெர்மானியப் படப்பெட்டி, ஒரு முக்காலி, 6.5-க்கு 9 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள் 24. அவ்வளவே. இன்று கைத்தொலைபேசியை உயர்த்தி ஒரு நொடியில் நூறு படம் பிடிப்போர் இதைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். இரவின் மங்கிய ஒளி தகட்டில் உறைப்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். அந்நேரத்தை அவர் சுருட்டால் அளந்தாராம்: வெளிச்சம் ஓரளவு இருந்தாற் ‘கோலுவாஸ்’ சிகரெட்டு ஒன்று புகைந்து தீரும் வரை, இருள் மிகுந்தாற் பருமனான ‘பொயார்’ ஒன்று தீரும் வரை. விளக்கின் கூரிய ஒளி படத்தைக் கெடுக்காதபடி மரத்தின் பின்னோ சுவரின் பின்னோ அது மறையும் இடம் பார்த்து நிற்பார். மழையும் பனியும் ஒளியைப் பரப்பித் தருவதால் அவை பெய்யும் இரவுகளை விரும்பினார். மூன்று முறை போலீசார் அவரைப் பிடித்துச் சென்றனர். விடியற்காலம் மூன்று மணிக்குக் கால்வாயைப் படமெடுக்கிறேன் என்றால் எந்தப் போலீசு நம்பும்? அதன்பின் தாம் எடுத்த படங்கள் சிலவற்றைச் சான்றாகக் கையிலேயே கொண்டு திரிந்தாராம்.

இச்செய்திகளை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு சிகரெட்டுத் தீரும் வரை திறந்திருக்கும் பெட்டியின் முன் நடந்து போகிறவன் படத்தில் விழமாட்டான், புகைபோல் மறைந்துவிடுவான். அதனாலேயே இந்நூலின் தெருக்கள் பலவும் ஆளற்றுக் கிடக்கின்றன. மனிதரைக் காட்ட வேண்டுமாயின் இரண்டே வழி. மக்னீசியம் என்னும் வெடிப்பொடியைக் கொளுத்திக் கண் கூசும் ஒளியை உண்டாக்க வேண்டும். அல்லது அவர் அசையாது நிற்க இசைய வேண்டும். இரண்டிலும் ஒளித்து எடுப்பதற்கு வழியில்லை. ஆகவே, இப்படங்களில் தெளிவாகத் தோன்றுவோர் பெரும்பாலும், ‘என்னை ஒருவன் படமெடுக்கிறான்’ என்று அறிந்தே நின்றவர்கள். இதனை இந்நூலின் தலையாய சிறப்பென்று கருதுகின்றோம்.

சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை, துணைக்கு வந்தவரையே வாடிக்கைக்காரராய் நிற்க வைத்து எடுத்தவையும் உண்டு என்று குறை கூறுவோர் உளர். உண்மைதான். 1938-இல் இலண்டன் நகரின் இரவைப் படநூலாக்கிய பில் பிராண்ட் என்பாரும் தம் வீட்டாரையும் நண்பரையும் வேடம் நிற்க வைத்தவரே. இதனைப் பொய்யென்று நாம் தள்ளமாட்டோம். நாடகத்தில் அழுபவன் உண்மையிற் பிள்ளையை இழந்தவனா என்று எவரும் கேட்பதில்லை. நமக்குக் கலக்கம் தருவது வேறொன்று. பாலத்தினடியிற் கந்தையைப் போர்த்துறங்கும் வீடற்றவனை எவர் கேட்டனர்? அவன் அசையாதிருந்தது இசைவினால் அன்று, களைப்பினால். அவ்வகைப் படங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அவற்றைப் பார்க்கையில் நெஞ்சு சற்றுக் கூசுவதையும் மறைக்கவில்லை.

இனி, நாம் மிகுதியும் போற்றும் படங்களுக்கு வருவோம். டிராம் வண்டிகள் ஓய்ந்த பின் தண்டவாளத்தருகே குனிந்து அதனை மெருகிடும் தொழிலாளரைப் பிராசாய் எடுத்துள்ளார். பொறி தெறிக்கும் வெளிச்சமே அங்கு விளக்கு. மறுநாட் காலை அத்தண்டவாளத்தின்மேல் வழுக்கிச் செல்லும் வண்டியில் அமர்ந்து பத்திரிகை படிப்பவன் இவர்களை ஒருநாளும் கண்டிரான். ‘ஏல்’ என்னும் பெருஞ்சந்தையில் நள்ளிரவிற் காய்கறி மூட்டைகளின் நடுவே நிற்போரையும் எடுத்தார். மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தை ஊடறுத்துச் செல்லும், வீடே இல்லாத எமீல் ரிஷார் தெருவில், விடியலில் வாயு விளக்கை அணைக்கும் ஊழியனின் படமும் உண்டு. அரசர் சிலைகளைக் காட்டிலும் அவ்விளக்கணைப்போனின் நிமிர்ந்த நிலை நம் மனத்தில் தங்கிற்று.

அன்றியும், வீட்டுக் கழிவுக் குழிகளை இரவிலே இறைத்துச் சுத்தஞ்செய்யும் தொழிலாளர் இருக்கின்றனர். சாக்கடைக் குழாய் எட்டாத வீடுகள் அக்காலப் பாரிஸிலும் இருந்தன. அவ்வண்டி வரும் திசையிலேயே செல்லாது மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவது நாகரிகரின் வழக்கம். பிராசாய் முக்காலியை ஊன்றி அவர்களோடு நின்றார். 1932-இல் வெளியிட இயலாத படங்களைத் திரட்டித் தம் சொந்த எழுத்தோடு 1976-இல் அவர் வெளியிட்ட ‘மறைவான பாரிஸ்’ என்னும் நூலில் அவர்களுக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். இத்தகைய தொழிலைச் செய்வோரைப் பிறப்பின் பேரால் தீண்டாதாராக்கி வைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். நகராண்மைக் கழகத்தின் துப்புரவு வேலையிலும், விடியுமுன் பெரட்டுக் களத்திலும் நின்றவர்களின் மக்கள் நம் வாசகருட் பலர். அவ்வத்தியாயத்தின் படங்களில் அருவருப்பும் இல்லை; பொய்யான இரக்கமும் இல்லை. கனத்த குழாயைப் பிடித்திருக்கும் கைகள், நீராவி, நனைந்த கற்கள்: ஒரு கொல்லனின் பட்டறையை எவ்வாறு எடுப்பரோ அவ்வாறே எடுத்திருக்கிறார்.

போக்கிரிக் கூட்டமொன்றைப் படமெடுக்கப் பணமும் கொடுத்து, அன்றிரவே அவர்களிடம் பணப்பையைப் பறிகொடுத்த கதையையும் அந்நூலிற் சொல்லுகின்றார். போலீசுக்குச் செல்லவில்லை. பறிப்பது அவர்கள் தொழில், படமெடுப்பது தம் தொழில் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டாராம். தாமும் பிறர் முகத்தை எடுத்துச் சென்றவர் என்பதை இதனினும் நேர்மையாக எப்படக்காரரும் ஒப்புக்கொண்டதை நாம் படித்ததில்லை.

இத்துணை நேர்மையுடையார் ஓரிடத்தில் தவறிவிட்டார். 1932-இல் மோன்மார்த்ரின் மதுக்கடை ஒன்றில், போலி முத்துக்களைக் கழுத்திலும் கையிலும் சுமந்து, பூச்சியரித்த உரோம ஆடையணிந்து தனியே அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தியைப் படமெடுத்தார். பிஜூ, அதாவது ‘அணிகலன்’, என்றே அவளை யாவரும் அழைத்தனர். படம் அருமையானது. அவள் கண்கள் நேரே நம்மைப் பார்க்கின்றன, அவற்றில் வெட்கமில்லை. ஆனால் நூலின் படக்குறிப்போ, ஒரு கவிஞனின் கெட்ட கனவிலிருந்து தப்பி வந்தவள் என்னும் பொருள்பட அவளை வருணித்துவிட்டது. நூல் வெளிவந்த பின் ஒருநாள் அம்மூதாட்டி பதிப்பாளரின் அலுவலகத்துக்கே சினத்தோடு வந்து சேர்ந்தாள். படத்தைப் பற்றியன்று அவள் வழக்கு, அச்சொற்களைப் பற்றியே. இதனைச் சொல்லுபவரும் பிராசாயே. மதிப்புரை எழுதுவோர் பலர் இதனை ஒரு நகைச்சுவைத் துணுக்காக எடுத்தாளுகின்றனர். நமக்கு நகை வரவில்லை. பெட்டியின் முன் அவள் அசையாது அமர்ந்து தன் பங்கைச் செவ்வனே செய்தாள். ஏட்டில் ஏறியபோது அவளைக் கேளாமலே அவளுக்கொரு பெயர் சூட்டப்பட்டது. அந்நூலை நேர்மையாய் வாசித்த முதற் குறைகூறுநர் அவளே என்போம்.

ஈபெல் கோபுரத்தைப் பற்றிச் சிறிது. 1925 முதல் 1934 வரை அக்கோபுரத்தின் மேல் சித்ரோயென் என்னும் மோட்டார் வியாபாரியின் பெயர் மின்விளக்குகளால் எழுதப்பட்டு ஒளிர்ந்தது. இன்றோ, கோபுரத்தின் இரவு விளக்கமைப்புக்கே உரிமை கொண்டாடப்படுவதால், வாணிகத்துக்காக அதனை இரவிற் படமெடுத்து வெளியிடுவோர் அனுமதி பெறல் வேண்டும். ஒளிக்கும் உடையவன் உண்டு! பாலத்தடியில் உறங்குகிறவனுக்கு மட்டும் அனுமதி கேட்பாரில்லை.

பிராசாய் 1984-இல் மறைந்தார். அவர் கண்ட பாரிஸும் பெரிதும் மறைந்தது. பழைய டிராம் வண்டிகள் நகரெல்லைக்குள் 1937-இல் ஓய்ந்தன; பெருஞ்சந்தை 1969-இல் நகருக்கு வெளியே ரூன்ஜிஸ் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது; அதன் இரும்புக் கூடங்களை அடுத்த சில ஆண்டுகளில் இடித்துவிட்டனர்.

இந்நூல் நம் நாட்டு நூல்நிலையங்களில் எளிதிற் கிட்டுவதன்று. கிட்டுமாயின் மையின் கருமை நன்கு பதிந்த பதிப்பைத் தேடுக. மங்கிய அச்சில் இப்படங்கள் சாம்பலாகிவிடும். முகவுரையை இறுதியிற் படிக்கலாம். பிஜூவின் படத்தை மட்டும், அதன் குறிப்பைப் படிக்குமுன் நெடுநேரம் பார்த்துவிடுக.