நாணும் கூச்சமும்: கிறித்தவத் தமிழர் குறித்து ஓர் இலக்கிய நோக்கு

திருக்குறளின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. அதன் முதற் குறளிலேயே வள்ளுவர் ஒரு வரையறை செய்துவிடுகிறார். தகாத செயல் காரணமாகத் தோன்றுவதே நாண். மகளிர்க்கு இயல்பாய் உள்ள நாணம் அதனின் வேறு என்பது அவர் கருத்து. செயல் பற்றி வருவதே நாண் என்றால், தாங்கிய பெயர் பற்றியும் தொழும் கடவுள் பற்றியும் பிறர்முன் ஒருவன் குன்றிப் போவதை என்னென்று சொல்வது? அதனை நாண் என்றல் பொருந்தாது. கூச்சம் என்று வேறு பெயரிட்டு நிறுத்துவோம். இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் விளையும் கேட்டினைக் கிறித்தவத் தமிழர் வாழ்விலும் இலக்கியத்திலும் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், பாத்திமா மாதா ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் ஆகியன நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்துள்ளன. கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இன்றும் நிற்கிறது. தமிழர் பல சமயத்தினராய் அடுத்தடுத்து வாழும் இடங்கள் இவை. ஆயினும், "நீங்கள் தமிழரா, கிறிஸ்தவரா?" என்னும் வினா இங்கே இயல்பாக எழுந்துவிடுகிறது. இனம் ஒன்று, சமயம் ஒன்று. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்கும்போது வினாவே பிழையாகி விடுகிறது. கேட்பவர் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் கேட்கப்பட்ட மாணவன் அன்றே ஒரு பாடத்தைப் பிழையாகக் கற்றுக்கொள்கிறான். தமிழ் மன்றத்தில் சமயத்தை மறைக்கிறான். அல்லது வளர்ந்தபின் ஆலயத்தில் தமிழைக் கைவிட்டு ஆங்கில வழிபாட்டுக்குப் போய்விடுகிறான். வழிகள் இரண்டாயினும் வேர் ஒன்றே.

இக்கூச்சம் புதிதன்று. ஏசுநாதர் பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்து நின்ற காட்சியை நற்செய்தி நூல்கள் காட்டுகின்றன. வாளேந்திய வீரன் எவனும் அவரை அங்கே மிரட்டவில்லை. ஒரு பணிப்பெண் கேட்ட கேள்விக்கே அவர் மறுத்துவிட்டார். தமிழாசிரியர் கருத வேண்டிய செய்தி ஒன்றும் அக்காட்சியில் உண்டு. அவரை இன்னார் என்று காட்டிக் கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு வழக்கு. சமயத்தை மறுத்த நாவினால் தன் ஊரை மறைக்க முடியவில்லை. பின்னர்ச் சேவல் கூவியதும் அவர் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். மறுக்கச் செய்தது கூச்சம். அழச் செய்தது நாண். வள்ளுவர் வகுத்த வேறுபாட்டினை ஓரிரவு நிகழ்ச்சியில் காண்கிறோம்.

ஆங்கிலப் புலவர் ஜான் பனியன் இதனையே உருவகமாக்கினார். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் அவர். 1678இல் அவர் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையில், வெட்கம் என்றே பெயர் கொண்ட ஒருவன் உண்மையுள்ள பயணி ஒருவனை வழிமறிக்கிறான். செல்வரும் வலியரும் அறிஞரும் இவ்வழி மிகுதியாக வருவதில்லை என்கிறான். மென்மையான மனச்சான்று ஆண்மைக்கு இழுக்கு என்கிறான். அயலானிடம் சிறு பிழைக்கு மன்னிப்புக் கேட்பதும், எடுத்ததைத் திருப்பித் தருவதும் வெட்கக்கேடு என்று முடிக்கிறான். இம்முடிவே கூர்ந்து நோக்கத் தக்கது. பொய்யான வெட்கத்துக்கு இடங்கொடுத்தவன் மெய்யான நாணத்தை இழப்பான் என்பதன்றோ இதன் பொருள்? துரத்தத் துரத்த அவன் விடாமல் தொடர்ந்தமையால், அவனுக்கு அப்பெயர் பொருந்தாது என்று பயணி சொல்வதும் நயமுடையது. வெட்கம் என்பானுக்கு வெட்கமே இல்லை!

பனியன் கதையைத் தழுவித் தமிழில் எழுந்த பெருங்காப்பியம் இரட்சணிய யாத்திரிகம். அதனை இயற்றிய எச். ஏ. கிருட்டிண பிள்ளை 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் தோன்றியவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். காப்பியம் நூலாக வெளிவந்தது 1894இல். சமயம் மாறியவர் மொழியையும் மாற்றிக்கொண்டார் என்று எவரும் அவரைச் சொல்ல இயலாது. கம்பனிடம் தோய்ந்த விருத்த நடையிலேயே கிறித்துவின் பாடுகளைப் பாடினார். காப்பியத்தினுள் அமைத்த இசைப்பாக்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். நானும் தமிழனே என்று மெய்ப்பிக்கச் செய்த உத்தி இது என்று சிலர் கருதக்கூடும். நூலைப் பயில்வார்க்கு அவ்வாறு தோன்றாது. உள்ளம் உருகும் வேளையில் அவர்க்கு வாய்த்த மொழி அதுவே. வடசொற்கள் மிகுந்தமையும், சமயவுரை கவிதையை அழுத்தும் இடங்கள் பல இருத்தலும் அந்நூலின் குறைகள். ஆனால் கூச்சம் என்னும் குறையை அதில் காண முடியவில்லை.

கூச்சத்துக்கு மற்றொரு வேடமும் உண்டு, அது பெருமிதம். தமிழில் அச்சேறிய தொன்மையான நூல்களுள் ஒன்று 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம் என்பதும், வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார் என்பதும் மேடைதோறும் சொல்லப்படுகின்றன. இவை உண்மைகளே; மாணவர் அறிய வேண்டியனவே. ஆயினும் தன் வீட்டில் இருப்பவன் நாள்தோறும் பட்டாவை எடுத்துக் காட்டுவதில்லை. சான்று காட்டிக்கொண்டே இருப்பவன், ஐயத்துக்கு இடமுண்டு என்று தானே ஒப்புக்கொள்கிறான்.

மறைத்தலும் இன்றிப் பறைசாற்றலும் இன்றி வாழ்ந்து காட்டிய ஒருவரைக் கோலாலம்பூர் கண்டிருக்கிறது. தனிநாயகம் அடிகள் (1913–1980) யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பிறந்த கத்தோலிக்கக் குரு. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை நடத்தினார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் இந்நகரில் கூடியதற்கு அவர் முயற்சியே முதற்காரணம். அவ்வாண்டிலேயே, 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியையும் இங்கு மறுபதிப்பித்தார். கிறித்தவர் செய்த தமிழ்ப்பணியை அவர் வெளிக்கொணர்ந்தார். ஆனால் அவர் ஆய்வின் நடுநாயகம் சங்கப் பாட்டில் அமைந்த இயற்கையே. இவர் தமிழரா, கிறித்தவரா என்னும் வினா அவர்முன் பொருளற்றுப் போயிற்று. அவர் விடை சொன்னதனால் அன்று. அவர் செய்த பணியினால்.

அப்படியாயின் கிறித்தவத் தமிழர் நாணுவதற்கு ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில், சாதிகளைப் பிரித்து அமர்த்துவதற்குச் சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் போன்ற பெரும்புலவரே சாதி வேறுபாட்டுக்குப் பரிந்து எழுதினார். வள்ளுவர் சொன்ன நாணுக்கு உரியன இவையே, இவை செயல்கள். கடல் கடந்து வந்தோர் அச்சுவரை ஊரிலேயே விட்டுவந்தனரா என்பதை, அவரவர் வீட்டுத் திருமணப் பேச்சில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கிறித்தவர் என்று சொல்லத் தயங்கும் நா, மணமகளின் சாதியைக் கேட்கத் தயங்குவதில்லை என்றால் நாண் இடம் மாறி நிற்கிறது என்றே கொள்ளவேண்டும். பனியனின் பாத்திரம் வென்றுவிட்டது என்பதே அதன் பொருள். இந்நோய் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழாசிரியர் செய்யக்கூடியது சிறிதாயினும் பயனுடையது. நாணுடைமை அதிகாரத்தை நடத்தும்போது, எதற்கு நாணுதல் தகும், எதற்குத் தகாது என்று மாணவரையே சொல்லச் செய்யலாம். சிலப்பதிகாரமும் திருவாசகமும் சீறாப்புராணமும் பயிற்றும் வகுப்பில் இரட்சணிய யாத்திரிகத்திலிருந்தும் ஒரு பகுதியைச் சலுகையாக அன்றிப் பாட்டாகவே பயிற்றலாம். அந்தோணி என்றும் எஸ்தர் என்றும் பெயருடைய பிள்ளைகள் அப்பகுதியைப் படிக்கையில் மற்றவர் திரும்பிப் பாராதிருப்பாராயின், அவ்வாசிரியர் தம் கடமையைச் செய்தவர் ஆவார்.