பாலிங்கின் நாள்வழி

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம்: நாள்வழி வேறு, பேரேடு வேறு. நாள்வழியில் அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போக வேண்டும். அரிசி மூட்டை வாங்கியதும், தபால் செலவும், முதலாளி மச்சானுக்குக் கொடுத்த கைமாற்றும் அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்திருக்கும். அதையே தலைப்புவாரியாகப் பிரித்துப் போட்டால் பேரேடு. பேரேடு பார்க்க அழகு. ஆனால், கடையில் அன்றைக்கு என்னதான் நடந்தது என்று தெரிய வேண்டுமானால் நாள்வழியைத்தான் புரட்ட வேண்டும்.

வாழ்க்கை வரலாறுகள் எல்லாமே பேரேடுதான். லைனஸ் பாலிங்கைப் பற்றி தாமஸ் ஹேகர் 1995-ல் எழுதிய தடிமனான புத்தகம் அதில் நல்ல வகை. வேதியியலுக்கு 1954-ல் ஒரு நோபல், சமாதானத்துக்கு 1962-ம் வருஷத்துப் பரிசாக இன்னொரு நோபல். இரண்டையும் யாரோடும் பங்கு போடாமல் வாங்கிய ஒரே மனிதர். அந்தக் கதையை ஹேகர் விறுவிறுப்பாகச் சொல்கிறார். நான் இங்கே பேசப்போவது பாலிங்கின் நாள்வழியைப் பற்றி. 1986-ல் அவர் தன் காகிதங்களையும் மனைவி ஏவா ஹெலனின் காகிதங்களையும் தான் படித்த ஆரெகான் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். சுமார் 5 லட்சம் உருப்படிகள். வந்த கடிதம், போன கடிதத்தின் கார்பன் காப்பி, சொற்பொழிவுக் குறிப்பு என்று சகலமும். அதில் கணிசமான பகுதியை அங்கே தேதிவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். இன்ன தேதி, யார் எழுதினார்கள், யாருக்கு, என்ன விஷயம். அவ்வளவுதான். கதை கிடையாது.

முதலில் கொட்டாவி வரும். சத்தியமாக வரும். புரத மூலக்கூறு பற்றி ஒரு கடிதம், பாடப்புத்தகப் பதிப்பாளருக்கு ஒன்று, கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஒன்று, வர முடியாது என்று ஒன்று. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டால், நடுநடுவே வக்கீல்கள் வர ஆரம்பிப்பார்கள். அப்போது நிமிர்ந்து உட்காருவீர்கள்.

1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 1-ம் தேதி லண்டன் ராயல் சொசைட்டியில் புரதங்களைப் பற்றி ஒரு கூட்டம். பாலிங்தான் முக்கிய விருந்தாளி. ஜனவரியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுகிறார். பிப்ரவரி 14-ம் தேதியிட்டு, பாஸ்போர்ட் பிரிவின் தலைவி ரூத் ஷிப்லியிடமிருந்து பதில் வருகிறது: உங்கள் பயணம் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல. யுத்த காலத்தில் செய்த வேலைக்காக 1948-ல் ட்ரூமன் கொடுத்த பதக்கம் மனிதரின் வீட்டில் இருக்கிறது. பிப்ரவரி 29-ம் தேதி அதே ட்ரூமனுக்கு அதை நினைவுபடுத்தி எழுதுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் அவர் இல்லாமலே முடிந்தது.

இங்கேதான் நாள்வழியின் அருமை தெரிகிறது. 'பாஸ்போர்ட் மட்டும் கொடுத்திருந்தால் பாலிங் லண்டனில் ரோஸலிண்ட் ஃப்ராங்க்ளின் எடுத்த எக்ஸ்ரே படங்களைப் பார்த்திருப்பார், டி.என்.ஏ.வின் வடிவத்தை வாட்சன், கிரிக்குக்கு முன்னால் கண்டுபிடித்திருப்பார்' என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகள் ஒத்துழைக்க மறுக்கின்றன. அதே வருஷம் ஜூலையில் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. இங்கிலாந்துக்கும் போனார். படங்கள் இருந்த கிங்ஸ் காலேஜ் பக்கம் போகவில்லை. 1953 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட மூன்று இழை வடிவம் தப்பு. அதற்கு ஷிப்லி அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. செய்யாத குற்றத்தையும் அரசாங்கத்தின் கணக்கில் எழுதினால், செய்த குற்றத்தின் மதிப்பு குறைந்துவிடும்.

செய்த குற்றம் என்ன? திருடியது நேரத்தை. என்னை உலுக்கியது இதுதான். ஒரு விஞ்ஞானியை ஜெயிலில் போட வேண்டாம், அடிக்க வேண்டாம். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போதும். அவர் பதில் எழுதுவார், வக்கீலைப் பார்ப்பார், நான் கம்யூனிஸ்ட் அல்ல என்று மறுபடி மறுபடி சொல்வார். ஐம்பதுகளின் நடுவில் மத்திய சுகாதாரத் துறை அவருக்குத் தந்த ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்தியது. அதே ஆராய்ச்சியைச் சக விஞ்ஞானிகளின் பெயரில் பிரித்து விண்ணப்பித்தபோது பணம் வந்தது! இன்னொரு வேடிக்கை, இவரை மாஸ்கோவின் ஆள் என்று வாஷிங்டன் சந்தேகப்பட்ட அதே 1951-ல், மாஸ்கோவில் இவருடைய வேதியியல் கொள்கையை முதலாளித்துவச் சரக்கு என்று கண்டித்துக்கொண்டிருந்தார்கள்.

1957 மே மாதம் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி ஒரு விண்ணப்பம் தயாரித்தார். கணவனும் மனைவியுமாகத் தபாலில் உலகம் முழுக்க அனுப்பினார்கள். 1958 ஜனவரியில் 9,000 சொச்சம் கையெழுத்துகளை ஐ.நா. செயலாளர் ஹாமர்ஷீல்டிடம் கொடுத்தார்கள். பிறகு அது 11,021 ஆனது. 49 நாடுகளின் விஞ்ஞானிகள். இத்தனைக்கும் செலவு சில நூறு டாலர்தான். செனட் உள்நாட்டுப் பாதுகாப்புக் கமிட்டிக்கு அதுதான் ஜீரணமாகவில்லை. பின்னால் யாரோ இருக்க வேண்டுமே! ஸ்டாம்பின் பலம் அவர்களுக்குப் புரியவில்லை.

1960 ஜூனில் சம்மன். கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியல் ஏற்கெனவே பகிரங்கம். கமிட்டி கேட்டது வேறு: அந்தக் கையெழுத்துகளை வாங்கி அனுப்பியவர்கள் யார் யார், அவர்கள் எழுதிய கடிதங்கள் எங்கே? பாலிங் மறுத்தார். அந்த இளைஞர்கள் பழிவாங்கப்படுவார்கள் என்றார். நாடாளுமன்ற அவமதிப்பு என்று ஜெயிலுக்குப் போகும் ஆபத்து இருந்தது. அக்டோபர் 11-ம் தேதி மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். மறுபடி மறுத்தார். கமிட்டி மேற்கொண்டு எதுவும் செய்யாமல் விட்டுவிட்டது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். வருஷங்களுக்கு முன்னால் ஒரு செய்திக்காக ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, "யாரு சார் சொன்னா? பேரு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் அந்த டீ ஆறும்வரை, சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்த ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவில் பாலிங் எப்படித் தூங்கினார் என்று தெரிந்துகொள்ள ஆசையாகத் தேடினேன்.

அங்கேதான் ஏமாற்றம். மனிதர் பயத்தை எழுதுவதே இல்லை. நான் படித்தவரையில் அவர் கடிதங்கள் விறைப்பாக இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கின்றன. சந்தேகம் கிடையாது, தடுமாற்றம் கிடையாது. போதாக்குறைக்குத் தன் நியாயத்தின் மேல் அபார மோகம். 1962 மார்ச்சில் கென்னடிக்கு அனுப்பிய தந்தியில், சோதனைக்கு உத்தரவிட்டால் சரித்திரத்திலேயே மகா ஒழுக்கக்கேடான மனிதர்களில் ஒருவராக ஆவீர்களே என்கிற பாணியில் போட்டுத் தாக்குகிறார். மனம் மாற வேண்டியவரிடம் இப்படியா பேசுவது? அறுபதுகளில் தன்னைத் திட்டிய பத்திரிகைகள்மேல் வழக்குப் போட்டு அலைந்ததும் இந்தக் குணத்தால்தான்.

இரண்டாவது குறை, ஏவா ஹெலன். சமாதானப் பேச்சில் நீங்கள் அடுத்தவர் சொன்னதைத்தான் ஒப்பிக்கிறீர்கள், சரக்கில்லை என்று கணவனிடம் நேரே சொல்லி, உட்கார்ந்து படிக்கவைத்தவர் அந்த அம்மாள். ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் கடிதம் எழுதிக்கொள்வதில்லையே! சாப்பாட்டு மேஜையில் பேசியதற்குக் கார்பன் காப்பி கிடையாது. நாள்வழியில் அவர் பங்கு பாதிகூடப் பதிவாகவில்லை.

மூன்றாவது, எல்லா வரியும் ஒரே எடை. சம்மனும் சந்தா ரசீதும் பக்கத்துப் பக்கத்தில். புதிதாக வருபவர்கள் தொலைந்துபோவார்கள். அதனால் பேரேட்டை முதலில் படித்துவிட்டு நாள்வழிக்கு வாருங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். 1960-ஐ மட்டும், ஜூன் முதல் அக்டோபர்வரை, வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

1963-ல் சமாதான நோபலை அறிவித்தபோது 'லைஃப்' பத்திரிகை அதை நார்வே செய்த விசித்திர அவமானம் என்று தலையங்கம் எழுதியது. அறிவிப்பு வந்த அக்டோபர் 10-ம் தேதிதான் பகுதி அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதே வருஷம், பல பத்தாண்டுகள் வேலை செய்த கால்டெக்கை விட்டு பாலிங் வெளியேறினார். அதிகாரத்தோடு கேட்டவர்களுக்கு ஒரு கடிதத்தைக்கூடக் கொடுக்காதவர், இருபத்தாறு வருஷம் கழித்து, யாரும் மிரட்டாமல், மொத்தக் காகிதங்களையும் தன் பழைய காலேஜுக்குத் தூக்கிக் கொடுத்தார். பயத்தைப் பற்றி ஒரு வரி எழுதாதவரை அதற்காக மன்னித்துவிட்டேன்.