விரல் தெரிகிறது, அழுத்தம் தெரியவில்லை

கைபேசி கேமராவின் முன் வெறுங்கையை நீட்டினால் திரையில் சக்கரம் சுழல்கிறது; விரல்களைக் குவித்தால் மண் எழும்பிப் பானையாகிறது. ஏஆர் எனும் மிகை மெய்ம்மையின் இந்த வித்தை குழந்தைகளைச் சுண்டி இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் இதைப் ‘பானை வனையும் அனுபவம்’ என்பது மிகை.

கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் கை அறிதல் நுட்பம் ஒரு கையில் 21 புள்ளிகளைப் பின்தொடர்கிறது. விரல் எங்கிருக்கிறது என்பது அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. வனைபவருக்கோ அந்த அழுத்தம்தான் தொழில்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. இந்தக் காட்சிகள் பெரும்பாலும் சக்கரத்தோடு முடிந்துவிடுகின்றன; சுழல்வது பார்க்க அழகு அல்லவா! நம் ஊர்த் தண்ணீர்ப் பானை சக்கரத்தில் பாதிதான் உருவாகிறது. அறுத்தெடுக்கும்போது அதற்கு அடியே இருக்காது. சற்று உலரவிட்டு, உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடி மூடி உருண்டை ஆகும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைக் கடத்தின் சுவரும் இப்படித் தட்டியே சீராகிறது. தடிமன் பிசகினால் நாதம் பிசகும். பார்வையாளர் கவனிக்க வேண்டிய இந்த இடம் பெரும்பாலும் திரையில் வருவதில்லை.

திரையிலுள்ள ‘திரும்பச் செய்’ பொத்தானை மட்டும் நான் பழிக்கமாட்டேன். பச்சை மண் சரிந்தால் குயவரும் மறுபடி பிசைந்துகொள்வார். சூளையில் விரிசல் விட்டால்தான் மீட்பில்லை.

சூளை என்றதும் கட்சி மாறவேண்டியிருக்கிறது. மூடிய சூளைக்குள் நடப்பதை எந்தக் குயவராலும் திறந்து காட்ட முடியாது. ஏஆர் அதைக் குறுக்கே வெட்டிக் காட்டும். சுமார் 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிவதையும், அவசரப்பட்டுத் தீமூட்டினால் பானை ஏன் வெடிக்கிறது என்பதையும் விளக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு சிவப்புப் பானைகள் கவிழ்த்துச் சுடப்பட்டவை என்பது தொல்லியலாளர் பொதுவாகத் தரும் விளக்கம்: காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஓட்டின்மீது டேப்லெட்டை நீட்டினால் இது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். அறிவிப்புப் பலகையில் நாலு பத்தி எழுதினாலும் இவ்வளவு தெளிவு வராது.

அருங்காட்சியகங்கள் இதற்குப் பணம் ஒதுக்குவதானால் சூளைக் காட்சிக்கு ஒதுக்கட்டும். வனையும் பகுதிக்கு உரிய ஊதியம் கொடுத்து மண்பாண்டம் வனையும் ஒரு வேளாரை அழைக்கலாம். சக்கரமும் கண்மாய் மண்ணும் ஏஆர் ஹெட்செட்டைவிட மலிவு.