எழுபதாயிரம் அடி உயரத்தில் விடுபட்டது என்ன?

கணினி விளையாட்டு என்று தலைப்புக் கொடுத்தால் போதும், "கண் கெடும், நேரம் வீணாகும்" என்று மாணவர்கள் உடனே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அது தீர்ப்பு; திறனாய்வு ஆகாது. ஒரு படைப்பு எதைச் செய்ய முயல்கிறது, அதில் எவ்வளவு தூரம் வென்றிருக்கிறது என்று பார்ப்பதுதான் திறனாய்வு. வீட்டுக் கணினியில் உளவு விமானம் ஓட்டும் பாவனை மென்பொருளை அப்படிப் பார்ப்போமா?

யூ-2 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் தலைமையில் உருவான இது, 1955 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. எட்டும் உயரம் 70,000 அடிக்கு மேல். அதாவது சுமார் 21 கிலோமீட்டர். அங்கே காற்று மிக மெல்லியது. வேகம் சற்றுக் குறைந்தால் இறக்கை தாங்காது. சற்றுக் கூடினால் விமானம் அதிரத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 10 நாட் வேகம்தான். இதற்கு விமானிகள் வைத்த பெயர் 'சவப்பெட்டி மூலை'.

இந்த இடத்தில் மென்பொருளைப் பாராட்டத்தான் வேண்டும். எக்ஸ்-பிளேன் போன்றவை இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் காற்றின் விசையைக் கணக்கிடுகின்றன. ஆகவே, கவனமாக அமைத்த மாதிரியில் அந்த ஒடுக்கமான வழியை நாமே உணரலாம். பாடநூலில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவு வராது.

சரி, விடுபட்டது என்ன?

முதலாவது, உடம்பு. அந்த உயரத்தில் அழுத்த உடை இல்லாமல் மனிதன் உயிர் பிழைக்க முடியாது. புறப்படும் முன்பே விமானி சுமார் ஒரு மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். நாமோ காப்பியைக் குடித்துக்கொண்டே ஏறிவிடுகிறோம்!

இரண்டாவது, துணை. யூ-2வின் முதன்மைச் சக்கரங்கள் சைக்கிள்போல் முன்னும் பின்னுமாக இருக்கும். தரையிறங்கும்போது இன்னொரு விமானி காரில் பின்னாலேயே விரைந்து வந்து, இன்னும் எத்தனை அடி என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பார். தனியாக விளையாடும்போது அந்தக் குரல் திரையில் ஓர் எண்ணாகிவிடுகிறது. இருவர் உழைப்பு ஒருவர் சாமர்த்தியமாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம்: விளைவு. 1960 மே 1 அன்று சோவியத் வான்வெளியில் கேரி பவர்ஸின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். 1962 அக்டோபர் 27 அன்று கியூபாவின் மேலே ருடால்ஃப் ஆண்டர்சன் சுடப்பட்டு இறந்தார். உலகமே போரின் விளிம்பில் நின்ற நாள் அது. வீட்டிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் பழையபடி ஓடுதளத்தில் நிற்கலாம்.

இதைக் குறையென்று சொல்லலாமா? ஓரளவுக்குத்தான். விளையாட்டில் யாரும் சாகக்கூடாது என்பது நியாயமே. ஆனால், 'அச்சு அசல்' என்று ஒருவர் புகழ்ந்தால், எதற்கு அச்சு அசல் என்று கேளுங்கள். இயந்திரத்துக்கு என்றால் ஒப்புக்கொள்ளலாம். அந்தப் பயணத்துக்கு என்றால், இல்லை. அடுத்தவர் வானில் அழைக்காமல் நுழைந்தவனின் அச்சத்தை எந்தக் கணக்கீடும் இன்னும் தொடவில்லை.