எம்.டி.எச்.எஃப்.ஆர் பரிசோதனை யாருக்குத் தேவை?

அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்களுக்கு எழுதித் தரப்படும் ரத்தப் பரிசோதனைகளில் எம்.டி.எச்.எஃப்.ஆர் மரபணுவும் சில சமயம் சேர்ந்துகொள்கிறது. ‘சி677டி மாற்றம் உள்ளது’ என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், கரு தங்காததற்குத் தன் உடம்பே காரணம் என்று அந்தப் பெண் குமைந்துபோகிறாள். அப்படிப் பழி சுமத்தும் தகுதி இந்தப் பரிசோதனைக்கு இல்லை.

மரபணுவின் வேலை முக்கியமானதுதான். அது உருவாக்கும் நொதி, கீரையிலும் பயறிலும் கிடைக்கும் ஃபோலேட்டை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. வைட்டமின் பி12 துணையோடு அந்த ஃபோலேட், ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தை மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலமாக மாற்றுகிறது. சி677டி மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நொதியின் திறன் இயல்பான அளவில் சுமார் 30 சதவீதமாகக் குறைந்துவிடலாம். ஃபோலேட்டும் போதாவிட்டால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு ஏறும். 1995இல் வெளிவந்த இந்த விளக்கம் மருத்துவ அறிவுக்குப் பெரிய வரவு. நொதி பெருமளவு முடங்கிப் பிறக்கும் மிக அரிதான குழந்தைகளுக்கு, மரபணுவை ஆராய்வது நோயை உறுதிசெய்து சிகிச்சையை விரைவில் தொடங்க உதவுகிறது. அங்கே இந்தப் பரிசோதனை அவசியம்.

சி677டி கதை வேறு. நல்ல ஆரோக்கியத்தோடு வாழும் எத்தனையோ பேரிடம் இந்த மாற்றம் இருக்கிறது. தொடர் கருச்சிதைவுக்கோ ரத்த உறைவுக்கோ காரணம் தேடும்போது இதைச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இல் பரிந்துரைத்தது.

முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறுவதில்லை என்பதே பெரிய குறை. கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கான தினசரி 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், இந்த மாற்றம் உள்ளவர்களுக்கும் பலன் தருகிறது. நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள (மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத) கருவைச் சுமந்த பெண்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் அதே குறை வரும் ஆபத்தை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைத்ததை, 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. சி677டி கண்டறியப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கிடைத்த பலன் அது. அந்த ஆய்வில் யாருடைய மரபணுவையும் பார்த்து மாத்திரை கொடுக்கவில்லை. ‘மரபணுக் கோளாறுக்கு’ என்று விற்கப்படும் விலை கூடிய மெத்தில்ஃபோலேட் என்னும் ஃபோலேட் வகை மாத்திரைக்கு இத்தகைய சான்று கிடையாது.

நம் நாட்டில் ஹோமோசிஸ்டீன் ஏறுவதற்கு பி12 பற்றாக்குறை முக்கியக் காரணம். சைவ உணவுக்காரர்களிடம் அது மிகுதி. பி12 அளவைப் பார்த்தால் குறையைச் சரிசெய்ய வழி உண்டு. பிறவியிலேயே அமைந்த மரபணுவை மாத்திரையால் மாற்ற முடியாது. ஆகவே, பரிசோதனை எழுதும் மருத்துவரிடம், “இதன் முடிவைப் பொறுத்து எனக்குத் தரும் சிகிச்சை மாறுமா, டாக்டர்?” என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. மாறாது என்றால், அந்தச் செலவும் அதனோடு வரும் குற்ற உணர்வும் அவளுக்கு வேண்டாம்.